தண்டையில் கரைந்த வெள்ளி

மலாயாவில் லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால்வெட்டு பிடிக்காமல் மூவார் பட்டணத்துக்கு ஓடிவந்தவன் காளியப்பன். 1931இல் சபாபதியின் முலாம் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். பொருளை ஒரு கம்பியிலும் வெள்ளித் தகட்டை மறு கம்பியிலும் மாட்டி, தொட்டியிலிருந்த நச்சுக் கரைசலில் இறக்குவான். மின்சாரம் ஓட ஓடத் தகட்டின் வெள்ளி கரையும். கண்ணுக்குத் தெரியாத அயனிகளாகத் திரவத்துக்குள் நகர்ந்து, எதிரே தொங்கும் செம்பு விளக்கில் படியும். அயனி என்ற பெயர் அவனுக்குத் தெரியாது. வெள்ளி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகும் என்பது மட்டும் தெரியும்.

பாட்டரிகள் பூட்டிய அலமாரிக்குள் இருந்தன. கனமான வெள்ளி நகை வந்தால் சபாபதி அலமாரியைத் திறந்து ஏதோ செய்வார். கேட்டால், "அழுக்கெடுக்கிற வேலை, ஒனக்கு வெளங்காது" என்பார்.

ஒருநாள் மெருகேற்றக் கொடுத்த தண்டையைத் திரும்ப வாங்கிய தோட்டத்து ராசம்மா முகம் சுளித்தாள்.

"என்னாப்பா, கால்ல போட்டா கனமே இல்ல?"

"அழுக்கு போச்சுக்கா" என்று முதலாளி சொல்லித்தந்ததையே சொன்னான் காளியப்பன்.

"கால் ராத்தல் அழுக்கா? நாசமா போறவனுங்களா!"

அவள் போனதும் அவன் தொட்டியிலிருந்து தகட்டைத் தூக்கினான். இரண்டு வருஷமாக எத்தனையோ விளக்குகளுக்கு வெள்ளி கொடுத்த தகடு தேயவே இல்லை. மாட்டிய அன்றைவிடத் தடித்திருந்தது!

சபாபதி வெளியே போயிருந்த நேரம், சுத்தியலால் அலமாரிப் பூட்டை உடைத்தான். பாட்டரியின் இரு முனைகளிலும் கம்பிகள் இடம் மாறியிருந்தன. தண்டையிலிருந்து வெள்ளி தகட்டுக்கு ஓடியிருக்கிறது. தன் கையாலேயே அவன் அதை மாட்டியிருக்கிறான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து ஜனங்கள் கடைவீதிக்கு வந்தார்கள். காளியப்பன் சபாபதியின் வெள்ளி வெற்றிலைப் பெட்டியைப் பிடுங்கி, எதிர்க்கடையில் நகை செய்யும் தங்கராஜு பத்தரிடம் எடை போட்டான். பிறகு தண்டை தொங்கிய அதே கம்பியில் மாட்டித் தொட்டியில் இறக்கினான்.

"அலமாக்! எடுடா, கரைஞ்சிடும்!" என்று பதறினார் சபாபதி.

"ஏன் மொதலாளி, அழுக்குதானே போவும்?"

கூட்டம் அவரை நகர விடவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பத்தர் மறுபடி நிறுத்தார். பெட்டி இரண்டு வெள்ளிக் காசு அளவு எடை குறைந்திருந்தது.

செருப்புகள் பறந்தன. மறுநாள் சபாபதி கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போனார்.

தகட்டைப் பத்தர் துண்டுகளாக வெட்டித் தந்தார். தோட்டம் தோட்டமாக நடந்து, நகை கொடுத்த பெண்களைத் தேடிக் காளியப்பன் அவற்றைக் கொடுத்தான். ராசம்மா வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"ரெண்டு வருசமா ஒன் கண்ணு எங்க போச்சு?"

"அதத்தான் நானும் என்னையே கேட்டுக்கிட்டு இருக்கேன்!" என்று கத்தினான். அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

முதலாளியைக் காட்டிக்கொடுத்தவன் என்று அதன்பின் எந்த முலாம் கடையும் அவனைச் சேர்க்கவில்லை. மூவார் ஆற்றுப் படகுத்துறையில் கயிறு இழுத்தான். சபாபதி பேச்சை யாராவது எடுத்தால் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் சண்டைக்குப் போவான்.