பட்டன் தட்டிய கை ஓய்ந்தபோது

அன்றைக்குக் காலையில் காபி டம்ளர் என் கையிலிருந்து நழுவி விழுந்தது. சூடு தாங்காமல் விடவில்லை. விரல்கள் பிடிக்கவில்லை. பிடி என்று நான் சொல்கிறேன், அவை கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த என் ஒரு வயது மகள் சத்தம் கேட்டுக் கைகொட்டிச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. ஆண்டவர் எனக்குச் செய்த உதவியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் பட்ட பாட்டை முதலில் சொன்னால்தான் அந்த உதவியின் அருமை உங்களுக்குத் தெரியும்.

என் பெயர் சாலமோன். 1994-ஆம் வருஷம் மழைக்காலம் அது. ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் ஒரு வாடகை வீட்டில் நானும் மனைவி எஸ்தரும் குழந்தையும் குடியிருந்தோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் மாடியில் இருந்த சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் நான் புரோகிராமர். தொழிற்சாலைகளின் ஸ்டோரில் என்ன சரக்கு வந்தது, என்ன போனது என்று கணக்கு வைக்கும் புரோகிராம்களை எழுதுவோம். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு நுழையக் கூடாது, மிஷினுக்குத் தூசி ஆகாது. ஏ.சி.யும் மிஷினுக்காகத்தான் போட்டிருந்தார்கள். அந்தக் கவனிப்பில் பாதி எங்கள் மேஜை நாற்காலிக்குக் கிடைத்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. மேஜை உயரம், நாற்காலி குள்ளம். நாள் முழுவதும் தோளைத் தூக்கிக்கொண்டே தட்ட வேண்டும்.

அந்த வருஷம் எங்கள் முதலாளிக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு ஆர்டர் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்குள் முடித்துக் கொடுத்தால் எழுதியவர்களில் ஒருவரை அங்கேயே வேலைக்கு அனுப்புவதாகச் சொன்னார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். பிறகு கேட்க வேண்டுமா? ஞாயிறு ஆராதனை நேரம் தவிர மற்றதெல்லாம் கீபோர்டுதான். முதலில் இரண்டு மணிக்கட்டிலும் ஒரு குத்தல். பிறகு முழங்கை வரை எரிச்சல். அப்புறம் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு தட்டினேன்.

பக்கத்துத் தெரு டாக்டர் ஊசி போட்டார். இரண்டு நாள் கேட்டது, மறுபடி வந்துவிட்டது. பட்டணத்தில் பெரிய டாக்டர் ஒருவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, மனதில் ஏதாவது கவலையா என்று கேட்டார். என் கவலையே கைதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவரைக் குறை சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் தட்டிக் கை போன ஆளை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். எங்கள் வீட்டுக்காரருக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது.

"இன்னா தம்பி, மூட்டை தூக்கறவனே சும்மா கீறான். பட்டன் தட்டறதுக்கா உனுக்குக் கை நோவுது?" என்றார்.

எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

மழை வலுத்தபோது கையும் மோசமானது. சட்டைக்கு எஸ்தர்தான் பட்டன் போட்டுவிட்டாள். சோற்றைப் பிசைய முடியவில்லை. ஒரே தட்டில் பிசைந்து குழந்தைக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய் என்று ஊட்டினாள். அதில் வேடிக்கை இருப்பது போல முதல் நாள் இருவரும் சிரித்தோம். மூன்றாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. சபையில் எல்லாரும் கைகளை உயர்த்தித் துதிக்கும்போது நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். தோளுக்கு மேல் தூக்கினால் உயிர் போகும்.

ஆபீஸில் மறைத்தேன். பென்சிலை முஷ்டியில் பிடித்து, அதன் ரப்பர் முனையால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினேன். யாராவது வந்தால் பென்சிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசிப்பது போல இருப்பேன். புரோகிராமர் யோசித்தால் யாரும் தொந்தரவு செய்வதில்லை, அது ஒன்றுதான் எங்கள் தொழிலில் உள்ள மரியாதை. ஆனால் எத்தனை நாள் யோசித்துக்கொண்டே இருப்பது? கை போன புரோகிராமரை வைத்துக்கொண்டு முதலாளி என்ன செய்வார்? வேலை போனால் அடுத்த வேலைக்கும் இதே கைதானே வேண்டும்?

சபையிலாவது சொல்லி அழலாம் என்றால் அதற்கும் வழியில்லை. முத்தாபுதுப்பேட்டையில் நாங்கள் போன சபைக்குத்தான் டேனியல் அண்ணனும் வருவார். அவர் எங்கள் கம்பெனியின் கணக்கர். எனக்காக முதலாளியிடம் பேசி, இந்த வேலையை வாங்கித் தந்தவரே அவர்தான். எங்கள் சபையில் ஜெப விண்ணப்பத்தை எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்வதுதான் வழக்கம். காலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் ஆவடி மார்க்கெட்டைத் தொட்டுவிடும். டேனியல் அண்ணனைத் தாண்டி எந்த விண்ணப்பமும் பரலோகத்துக்குப் போக முடியாது போலிருந்தது எனக்கு.

ஒரு திங்கள்கிழமை காலை ஆவடியில் ரயில் ஏறினேன். உள்ளே போக இடமில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருமுல்லைவாயல் தாண்டியதும் மழைச்சாரல் அடித்தது. கம்பி என் கையை விட்டுப் போனது. நான் விடவில்லை, அது போய்விட்டது. பின்பக்கமாகச் சாய்ந்த என்னை யாரோ சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார். காக்கிச் சட்டை போட்ட ஒரு தொழிலாளி.

"சாவறதுன்னா ஞாயித்துக்கெழம சாவு சார். வேலைக்குப் போற நேரத்துல வண்டிய நிக்க வைக்காத" என்றார்.

அப்படிச் சொன்னாரே தவிர, பட்டரவாக்கத்தில் நான் இறங்கும் வரை அந்தக் காலரை விடவில்லை. பெயர்கூட நான் கேட்கவில்லை.

பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். சிங்கப்பூர் எல்லாம் மறந்துபோனது. அதுவரை நான் செய்த ஜெபமெல்லாம் பெரிய பெரிய வார்த்தைகளாக இருக்கும். அன்றைக்கு அது வரவில்லை. "ஆண்டவரே, என் கைக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியல. டாக்டருக்கும் தெரியல. உமக்குத் தெரியும். தெரிஞ்ச யாரையாவது என்கிட்ட அனுப்பும்" என்றேன். அவ்வளவுதான். எழுந்து ஆபீஸுக்குப் போய் மறுபடி பென்சிலை எடுத்தேன். வேறென்ன செய்வது?

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று, எங்கள் குடும்பத்துக்கு ஒரு பாரம் இருக்கிறது, வெளியே சொல்ல முடியவில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். வலியை மறைத்து ஜெபத்தை மட்டும் வாங்கிவிடலாம் என்று என் கணக்கு. சபையார் வேறு கணக்குப் போட்டார்கள். குழந்தையையும் பையையும் குடையையும் எஸ்தரே தூக்கி வருகிறாள், புருஷன் கையை வீசிக்கொண்டு வருகிறான் என்பதை அவர்கள் பல வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா? எங்களுக்குள் சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு சகோதரி வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்து, ஆம்பளைங்க கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருப்பாங்க, அனுசரித்துப் போம்மா என்று எஸ்தருக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாழைப்பழத்தை எஸ்தர் தொடவே இல்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். டேனியல் அண்ணனும் வந்திருந்தார். பாஸ்டர் முடிவில், இந்தத் தம்பதியை ஆண்டவர் ஒருமனப்படுத்த வேண்டும் என்று எங்களைக் காட்டி ஜெபத்தை ஆரம்பித்தார். எஸ்தர் எழுந்து நின்றாள்.

"பாஸ்டர், எங்களுக்குள்ள சண்டை எதுவும் இல்ல. இவருக்குக் கை போயிடுச்சு. டம்ளர்கூடப் பிடிக்க முடியல. நான்தான் ஊட்டி விடறேன். ஆபீஸுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல. டேனியல் அண்ணன் இங்கதான் இருக்காரு. தெரிஞ்சுக்கட்டும். என்னால இனிமே முடியாது."

சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள். எனக்குக் கோபம் வந்தது, அவமானம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அவள்மேல் இரக்கம் வந்தது. அவள் தோளைத் தொடலாம் என்றால் என் கை எழவில்லை. டேனியல் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போனார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது கிரேஸ் அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். எப்போதும் வாசல் பக்கம் உட்கார்ந்து, கூட்டம் முடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுகிறவர். முன்பு தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அவர் தன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து உள்பக்கமாக ஓர் இடத்தில் அழுத்தினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இங்கதானே? மரத்துப்போய்த் தூக்கத்துல எழுப்புதா?"

"ஆமாக்கா."

"தந்தி தட்டறவங்களுக்கு இது வரும்ப்பா. எங்க ஆபீஸ்ல பழைய ஆளுங்களுக்கெல்லாம் தெரியும். எனக்கும் வந்துச்சு. வேலை போயிடுமேன்னு சொல்லாமலே தட்டிக்கிட்டிருந்தேன். கடைசியா டாக்டர்கிட்ட போனப்போ, ஏம்மா இவ்வளவு நாள் வரலன்னு கேட்டாரு."

முந்தானைக்குள் இருந்த வலது கையை வெளியே எடுத்துக் காட்டினார். விரல்கள் உள்நோக்கி மடங்கி, கட்டைவிரலடியில் சதை வற்றிப்போயிருந்தது. எத்தனையோ ஞாயிறுகள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கிறோம். எங்களில் ஒருவரும் அந்தக் கையைப் பார்த்ததில்லை.

"நீ இன்னும் இவ்வளவு தூரம் போகல. நாளையிலேர்ந்து ஒரு எழுத்துகூடத் தட்டாத" என்றார்.

நான் கேட்ட ஆளை ஆண்டவர் புதிதாக எங்கிருந்தோ அனுப்பவில்லை. ஏற்கெனவே எங்கள் சபையிலேயே, வாசல் பக்கமாக உட்கார வைத்திருந்தார். நான் வாயைத் திறக்காததால் அக்காவுக்கும் திறக்க வழியில்லாமல் இருந்தது.

திங்கள்கிழமை ஆவடி ஸ்டேஷனில் டேனியல் அண்ணன் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ரயிலில் என்னை உள்பக்கம் தள்ளி, தான் வாசல் பக்கம் நின்றுகொண்டார். முதலாளியிடம் அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். முதலாளி கெட்டவர் அல்ல, வியாபாரி. சிங்கப்பூர் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார். சம்பளமில்லாத லீவில் போ, கை சரியானால் வா, பார்க்கலாம் என்றார். எனக்குப் பின்னால் சேர்ந்த பையன் ஒருவன் விமானம் ஏறினான். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நான் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

கிரேஸ் அக்காவைப் பார்த்த டாக்டரே என்னையும் பார்த்தார். அக்கா சொன்னதுதான், மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறது என்று உறுதி செய்து, மணிக்கட்டு மடங்காதபடி சட்டம் வைத்துக் கட்டினார். ஓய்வுதான் பிரதான மருந்து என்றார். எஸ்தர் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள். அவள் போகும் நேரத்தில் குழந்தையைச் சபைப் பெண்கள் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வாழைப்பழச் சகோதரிதான் முதல் ஆள். கிறிஸ்துமஸ் வந்தது, பொங்கல் போனது, கை அப்படியே இருந்தது. வேலைக்குப் போகிற சைக்கிள் மணி தெருவில் கேட்கும்போதெல்லாம் போர்வையை இழுத்து மூடக்கூட ஒருவர் உதவி வேண்டியிருந்த எனக்கு எப்படியிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கிரேஸ் அக்கா வாராவாரம் வந்து, குணமாகாத தன் கையை மடியில் வைத்துக்கொண்டு என் கைக்காக ஜெபித்துவிட்டுப் போவார்.

வெயில் தொடங்கிய ஒரு மதியம் மகள் தத்தித் தத்தி வந்து, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள். தூக்கினேன். தூக்கி இடுப்பில் வைத்த பிறகுதான் தூக்கியிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. அவள் என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான் விம்மி விம்மி அழுதேன்.

இது நடந்து நாலு வருஷமாகிறது. அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். முழுநேரமும் தட்டும் வேலை எனக்கு இல்லை. பூந்தமல்லி, அம்பத்தூர் தொழிற்சாலைகளுக்குப் போய், எங்கள் புரோகிராமை ஸ்டோர்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வருகிறேன். மழை வந்தால் கை இன்னும் வலிக்கும். இப்போது இரண்டாயிரம் வருஷப் பிரச்சினை, 2000 பிறந்தால் கம்ப்யூட்டரில் தேதியெல்லாம் குழம்பிவிடும் என்று எங்கள் பையன்கள் இராப்பகலாகத் தட்டுகிறார்கள். நான் ஒவ்வொருவரிடமும் போய்க் கையை நீட்டச் சொல்லி அழுத்திப் பார்ப்பேன். கைரேகை ஜோசியர் வந்துட்டாரு என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். போன மாதம் ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்தாள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினேன்.

அன்பானவர்களே, ஆண்டவரிடம் தனியாகச் சொல்லிவிட்டேனே, அது போதாதா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் கேட்டார், பதிலும் வைத்திருந்தார். ஆனால் அந்தப் பதில் ஒரு மனுஷியின் கையில் இருந்தது. வேலை போகும் என்ற பயத்தில் வலியை ஒளித்து வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆண்டவரை நம்பி உங்கள் சபையில் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

கை தேறியதற்காகச் சபையில் நான் நன்றி சொல்லி முடித்த ஞாயிறு, வெளியே வரும்போது கிரேஸ் அக்காவிடம் கேட்டேன்: "உங்க கைக்காகச் சபையில எப்பவாவது ஜெபிச்சிருக்காங்களாக்கா?"

"நான் கேட்டதே இல்லையேப்பா" என்றார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஜெபிக்கிறோம். குணம் இன்னும் வரவில்லை. இதை எழுதலாமா என்று போன வாரம் அவரிடமே கேட்டேன். பேரோடவே எழுது என்றார். ஆகவே எழுதுகிறேன். முத்தாபுதுப்பேட்டை கிரேஸ் அக்காவின் வலது கைக்காக இன்றைக்கு நீங்களும் தயவுசெய்து ஜெபியுங்கள்.