கதவோரத்துப் பாய்

இல்போ ஹாவெரினென் எங்கள் ஸ்டுடியோவில் சேருவதற்கு முன் மூன்று தடவை வந்து பார்த்தார். முதல் தடவை உள்ளேயே வரவில்லை. வாசல் கண்ணாடியில் ஒட்டியிருந்த வகுப்பு நேரங்களைப் படித்துவிட்டுத் தான் ஓட்டும் டவுன் பஸ்ஸை எடுக்கப் போய்விட்டார். இரண்டாம் தடவை மிதியடியில் பனியைத் தட்டிவிட்டு வந்து, ஒரு விளம்பரத் தாளை எடுத்துக்கொண்டு, தலையசைத்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை கையில் ஒரு காகிதம் இருந்தது. அதில் பென்சிலால் ஏழு கேள்விகள். ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆள் இல்லை அவர்.

நான் மார்யுத். தாம்பெரே நகரத்தில் இருக்கும் அந்தச் சின்ன உடற்பயிற்சி ஸ்டுடியோவின் முன்மேசையில் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வகுப்புக்கு ஒன்பது பேர்தான். பெரிய ஜிம்களைப்போல் இரண்டு மடங்கு கட்டணம். சேர வருகிறவர்களின் சந்தேகங்களைத் தீர்த்துவைப்பது என் வேலை. தீராவிட்டாலும் கையெழுத்து வாங்கிவிடுவது என் சாமர்த்தியம். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

முதலாளி யானிகா எங்கோ வெளிநாட்டில் இப்படி ஒரு ஸ்டுடியோவைப் பார்த்துவிட்டு வந்து அதே மாதிரி இங்கே தொடங்கினாள். பயிற்சியாளர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்துவார். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரின் உள்ளங்கையைத் தட்ட வேண்டும். மூன்றே மாதத்தில் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரனைப் பத்து கிலோ கூடுதலாகத் தூக்கச் சொல்லலாம். பக்கத்தில் இருப்பவனின் கையைத் தொடச் சொல்லக் கூடாது. அப்போதுதான் நான் ஒரு யோசனை சொன்னேன். பாட்டு வேண்டாம், கண்ணாடி வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். விளக்கு மங்கலாக இருக்கட்டும். அதற்கு ‘அமைதி வகுப்பு’ என்று பெயர் வைத்தோம். ‘இங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை’ என்று சுவரில் எழுதிவைத்ததும் நான்தான். அந்த வகுப்பில் இடம் கிடைக்க ஜனங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இல்போ காகிதத்தை மேசைமேல் நீவிவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“கண்ணாடி இருக்கா?”

“அமைதி வகுப்புல இல்ல.”

“நல்லது. முப்பத்தோரு வருஷமா ஜனங்க என் முதுகை மட்டும்தான் பாத்திருக்காங்க. முன்பக்கத்தைப் பாத்தா எல்லாரும் அடுத்த ஸ்டாப்புலயே இறங்கிடுவாங்க.”

முகத்தில் சிரிப்பே இல்லை. நான்தான் சிரித்தேன்.

“நின்னுக்கணும்னா காரணம் சொல்லணுமா?”

“ஒரு மாசம் முன்னாடி எழுதிக் குடுத்தா போதும். காரணம் எதுக்கு?”

“கதவு ஓரமா பாய் கிடைக்குமா?”

“உங்களுக்குன்னே வெச்சுடறேன்.”

“பாதியில எழுந்து போனா, என்ன ஏதுன்னு யாராச்சும் கேப்பாங்களா?”

“ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தானே இவ்வளவு காசு வாங்கறோம்.”

அவர் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரு கோடு போட்டுக்கொண்டார். பிறகு உடல்நலப் படிவத்தை நீட்டினேன். வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவர் ஐந்தாவது கேள்வியில் நின்றார். கடந்த ஒரு வருடத்தில் நெஞ்சுவலி வந்ததுண்டா என்ற கேள்வி அது. சிக்னல் மாறுவதற்குக் காத்திருக்கிறவர்போல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தத் தாளை யார் படிப்பாங்க?”

“யாரும் படிக்க மாட்டாங்க. ஃபைல்ல கிடக்கும்.”

“பஸ் கம்பெனி டாக்டர்?”

“அவருக்கு இது எப்படிப் போகும்?”

“மே மாசம் மெடிக்கல் இருக்கு. போன தடவையே ஒரு மாதிரி பாத்தாரு. அதுக்குள்ள எடையைக் குறைக்கலைன்னா பஸ்ஸைத் தர மாட்டாங்க.” படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “அது இல்லைன்னா காலையில எழுந்து என்ன பண்றதுன்னு தெரியல,” என்றார்.

‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. அவர் அந்தக் கேள்வியில் நின்றதைப் பார்த்த யாருக்கும் தெரிந்திருக்கும்.

ஒருவர் விலகிய இடத்தில், நவம்பரிலிருந்து வாரம் மூன்று நாள், சாயங்காலம் ஐந்து மணி வகுப்புக்கு வந்தார். உறுப்பினர் அட்டையைக் காட்டும்போதெல்லாம் “ஓட்டுநர் கிட்டயே டிக்கெட் கேக்கற ஒரே இடம் இதுதான்,” என்பார். ஏழு கிலோ குறைந்திருந்தார். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு துளை போட்டிருப்பதை ஒருநாள் என்னிடம் காட்டினார். மனைவி எட்டு வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், ஒரே மகள் வடக்கே ஓலுவில் இருக்கிறாள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அந்த மூன்று மாதத்தில் நான் ஒன்றும் கேட்டதில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, வகுப்பு தொடங்கிக் கால் மணி நேரத்தில் வெளியே வந்தார். எடைகளைத் துடைத்து, பாயைச் சுருட்டி அதனதன் இடத்தில் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். விதிமுறை அப்படி. என் மேசை முன் நின்றார். விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டார். முகம் சாம்பலாக இருந்தது. காது மடலிலிருந்து வியர்வை சொட்டியது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவரும் பார்த்தார்.

பிறகு நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஒருவர் நிலைகுலைந்து நிற்கும்போது அவர்மேல் கண்ணை வைக்காமல் இருப்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. அப்படித்தான் வளர்ந்தோம். அவர் ஆண்கள் உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டார்.

வகுப்பு முடிந்ததும் இரண்டு பேர் அந்த அறைக்குப் போனார்கள். அதில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். மறுநாள் என்னிடம் சொன்னார்: “பெஞ்சுல சாஞ்சு கண்ணை மூடிட்டிருந்தாரு. தூங்கறாருன்னு நெனச்சோம். தொந்தரவு வேண்டாம்னு மெதுவாத்தான் பேசினோம்.” கீழே விழுந்திருந்த துண்டை எடுத்து மடித்து அவர் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். சவுனா நீராவி அறையில் வியர்த்து, குளித்து, உடை மாற்றி, போகும்போது அவர் தலைக்கு மேலிருந்த விளக்கையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவ்வளவு நல்லவர்கள். ஏழு மணிக்கு அறையைத் துடைக்கப்போன பெண்மணிதான் கூச்சல் போட்டாள்.

“வெளிய வந்தப்பவே கூப்பிட்டிருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாம்,” என்றார் ஆம்புலன்ஸில் வந்தவர். குற்றம் சாட்டவில்லை, சும்மா சொன்னார்.

யானிகா ஃபைலைத் தேடி எடுத்தாள். “மார்யுத், ‘இல்லை’ன்னு அவரே எழுதியிருக்கார் பாருங்க. நம்ம மேல தப்பில்லையாம். வக்கீல் கிட்ட பேசிட்டேன்.”

“அப்ப சரி. வக்கீலே சொல்லிட்டாரில்ல, இனிமே இல்போ எழுந்து பஸ் ஓட்டப் போயிடுவாரு.”

அவள் ஃபைலை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. என் வாய் வேறு யாரைக் கடிப்பது என்று தெரியாமல் அவளைக் கடித்தது.

பத்து நாள் கழித்து இல்போவின் மகள் ஹெல்யா வந்தாள். அவருடைய பையை வாங்கிக்கொள்ள கிட்டத்தட்ட ஐந்நூறு கிலோமீட்டர் தனியாகக் கார் ஓட்டி வந்திருந்தாள். ஷூ, தண்ணீர் பாட்டில், அந்த அட்டை. ஒவ்வொன்றாகப் பையில் வைத்தாள். அப்பாவின் அதே நெற்றி.

“அப்பா கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?”

மழுப்பியிருக்கலாம். மழுப்பத்தான் எனக்குச் சம்பளம். “சொல்லல. இங்கதான் வந்து நின்னாரு. முகம் சரியில்லைன்னு எனக்குத் தெரிஞ்சுது. நான் கேக்கல,” என்றேன்.

அவள் பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள். “வேலை நேரத்துல தொந்தரவு குடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க,” என்றாள். அவள் என்னை ஓங்கி அறைந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வெளியே போய்க் காரில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பவில்லை. முன்கண்ணாடியில் பனி விழுந்து மூடத் தொடங்கியது. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம். பாவம், தனியாக இருக்க நினைக்கிறாள், விடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணாடி முழுவதும் வெளுத்து உள்ளே அவள் தெரியாமல் போனாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்ததும், கோட்டுகூடப் போடாமல் ஓடினேன். கார் கண்ணாடியைத் தட்டினேன். அது பாதி இறங்கியது.

“நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல,” என்றாள் ஹெல்யா. கையை நீட்டி மறுபக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.