தலையை மட்டும் ஆட்டு

கொச்சியில் மகள் வீட்டுக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. பக்கத்து வீட்டம்மா என்னைப் பார்க்க வந்து அழைப்புமணியை அடித்தார்.

"அம்மா, நீ வாயத் தொறக்காத. உன்ற மலையாளத்தக் கேட்டா சிரிப்பாங்க. தலைய மட்டும் ஆட்டு, போதும்" என்றாள் மகள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் இதையே எழுபதுகளில் என் அப்பாவிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

ஏழாம் வகுப்பு வாத்தியார் அப்பாவை வரச் சொல்லியிருந்தார். மலையாள எல்லைக்குள் இருக்கும் பெருமாட்டியில் எங்கள் தென்னந்தோப்பிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும், சாணி மணக்கும் வேட்டியோடு, அப்பா ஒரே மலையாள வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார். எப்படிச் சொன்னாலும் அது எங்கள் தமிழ் இழுவையோடுதான் வந்தது. பத்துத் தடவை திருத்தியும் மாறவில்லை; பொறுக்க முடியாமல் கத்தினேன்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்கப்பா. தலைய மட்டும் ஆட்டுங்க."

பிள்ளை வீட்டில் படிப்பதே இல்லையோ என்று வாத்தியார் மலையாளத்தில் கேட்டார். அப்பா தலையாட்டினார். எந்நேரமும் விளையாட்டுத்தானா என்றார். ஆட்டினார். அப்படியென்றால் இன்னொரு வருடம் ஏழாம் வகுப்பிலேயே இருக்கட்டுமா? அதற்கும் ஆட்டினார்.

திரும்பும் வழியெல்லாம் அழுதேன். "அவரு கேட்டது புரியலீங்களா?"

"புரிஞ்சுது கண்ணு. நீதான பேச வேண்டாம்னு சொன்ன?"

பக்கத்து வீட்டம்மா உட்கார்ந்ததும், இனிமேல் மகளோடு இங்கேயே தங்கிவிடுவீர்களா என்று என்னிடம் மலையாளத்தில் கேட்டார்.

மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக மூன்று முறை தலையாட்டினேன்.