திருடன் வந்தால் யார் விசில் அடிப்பது?

போன வருடம் மழை தொடங்கிய மாதம். பெங்களூர் ஓசூர் ரோட்டில் ஒரு மருத்துவமனை, மூட்டுவாதப் பிரிவின் காத்திருப்பு அறை. நாற்காலிகள் எல்லாம் காலி, நோயாளிகள் நடந்துகொண்டிருந்தோம். என் முதுகெலும்பு வாதத்தின் விசித்திரம் அது. ஓய்வெடுத்தால் வலி கூடும், நடந்தால் குறையும். உட்கார்ந்தே சம்பாதிப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான நோய் அமையாது.

மாதம் ஒருமுறை போடும் ஊசிக்காக வந்திருந்தேன். ஒரு மாதம் தவறினால் படுக்கையிலிருந்து எழ முக்கால் மணி நேரமாகும்; சாக்ஸ் மாட்டிவிட மனைவி வர வேண்டும். அதனால், பதினைந்து நாளாக இருந்த இருமலையும், சாயங்காலம் வந்துபோகும் லேசான காய்ச்சலையும் யாரிடமும் சொல்வதில்லை என்று தீர்மானித்திருந்தேன். சொன்னால் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள். இடுப்பு பெல்ட் ஒரு துளை உள்ளே போனதை என் மன உறுதியின் வெற்றியாக வீட்டில் அறிவித்திருந்தேன்.

என் பக்கத்தில் அதே வேகத்தில் ஒரு பெண் நடந்துகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். தர்மபுரிப் பக்கம், பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அதே நோய், அதே ஊசி.

“சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதனாலதான்னு பத்து வருஷமா எல்லாரும் சொன்னாங்க சார். நானும் அந்த டாக்டரம்மாவத் திட்டிக்கிட்டே இருந்தேன். பாவம், எவ்ளோ விக்கியிருப்பாங்களோ” என்றார். “அப்ப இது எதனாலதான் சார் வருது?”

என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. நோய் வந்த நாளிலிருந்து அதைப் பற்றி நான் படிக்காதது இல்லை. நடந்தபடியே வகுப்பைத் தொடங்கினேன். உடம்பின் எதிர்ப்புச் செல்கள், வைட்ஃபீல்டில் எங்கள் அபார்ட்மென்ட் செக்யூரிட்டியைப் போல. வெளியாளைப் பிடிக்கத்தான் வைத்திருக்கிறோம். நமக்கோ, குடியிருப்பவனையே திருடன் என்று நினைத்து முதுகில் போடுகின்றன. ஒன்று விசில் அடித்தால் பத்து ஓடிவருகின்றன. எலும்பில் தசைநார் ஒட்டும் இடமெல்லாம் புண்ணாகிறது. இந்த ஊசி என்ன செய்கிறது? அந்த விசிலைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறது.

நடுநடுவே இருமினேன். “பெங்களூர் தூசி” என்று விளக்கமும் தந்தேன்.

அவர் நின்றுவிட்டார். “அப்ப நெஜமாவே திருடன் வந்தா யாரு சார் விசில் அடிப்பாங்க?”

பதில் எனக்குத் தெரியும். “அதெல்லாம் டாக்டருங்க பாத்துப்பாங்க” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நர்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார். “ஜ்வரா, கெம்மு ஏனாதரூ இதியா சார்?”

காய்ச்சல், இருமல் எதுவும் “இல்லா” என்றேன். இருபது வருடத்தில் என் கன்னடம் அவ்வளவு சரளமாக வந்தது அன்றுதான்.

“சிஸ்டர், பொய் சொல்றாரு!” கதவருகே அந்தப் பெண். “அரை மணி நேரமா இருமிக்கிட்டேதான் எனக்குப் பாடம் நடத்துனாரு.”

நர்ஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில், “உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை?” என்று கத்தினேன்.

“நானும் அதே ஊசிதான சார் போட்டுக்கறேன்?” என்றார் அவர். “எங்கிட்டயும்தான் விசில் இல்ல. வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்குது.”

அத்தனை படித்த எனக்கு அது மட்டும் தோன்றவே இல்லை.

எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. காசநோய். அன்றைக்கு ஊசியும் போட்டிருந்தால் நிலைமை கைமீறிப் போயிருக்கலாம் என்றார் டாக்டர். ஊசி நின்றது, மாத்திரை தொடங்கியது, வலி சாமான் செட்டோடு குடிவந்தது. ஆனால் என்னை அறைக்கும் கூடத்துக்குமாக அலைக்கழித்தது வலி இல்லை. அந்தப் பெண்ணையும் பரிசோதித்தார்கள். அப்போது ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் நிச்சயம் என்றார்கள். அரை மணி நேரம் பக்கத்தில் நடந்ததற்கெல்லாம் ஒட்டிக்கொள்வது அபூர்வம் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அந்த அபூர்வத்தின் மேல்தான் கண். நோய் அவருக்கு வந்துவிட்டால் அந்தப் பிள்ளைகளிடம் என்னவென்று சொல்வது? தூசி என்றா?

இரண்டு மாதம் கழித்து, அவர் வரும் நாளைக் கேட்டுவைத்துக்கொண்டு போய் நின்றேன். காகிதத்தை ஆட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

“ஒண்ணும் இல்லையாம் சார்.” பிறகு, “உங்களுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

மன்னிப்புக் கேட்க வீட்டிலேயே வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தேன். “பரவால்லம்மா” என்று மட்டும் சொன்னேன்.

என் உடம்பு என் சொந்த விவகாரம் என்று ஐம்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் ஒரு தாய் தன் பரிசோதனை முடிவுக்காக இரண்டு மாதம் பயந்து கிடந்தார் என்பது, உடம்பு தேறிய பிறகும் எனக்கு ஆறவில்லை.