யன்னலில் இளவரசி சொன்னது

நான் அந்த விளையாட்டில் நியாயமாகத் தோற்கவில்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணையைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லுவார். வென்றவர்கள் அப்படித்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. குருநகரில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி எங்கள் வீடு. எனக்கு ஒன்பது வயது, அண்ணைக்குப் பதினொன்று. அந்த வருடம் நான் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கி முதல்நன்மை எடுத்ததைக் கொண்டாட அப்பா ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் படம். ஒழுங்கைச் சனம் முழுவதும் எங்கள் விறாந்தையில் பாய் விரித்து இருந்தது. நான் வெள்ளை உடுப்போடு முன்னுக்கு இருந்தேன். பெட்டியும் படமும் சனமும் எனக்கே சொந்தம் என்ற நினைப்பு.

கசெற்றின் உறையில் இருந்தது தமிழ்ப் படம். உள்ளே இருந்ததோ வெள்ளைக்காரர் எடுத்த மாயாஜாலப் படம். கடலின் நடுவே ஒரு கோட்டை, அதன் உச்சி யன்னலில் ஓர் இளவரசி, வாசலில் ஒரு பூதம், ஓடத்தில் வருகிற ஒரு வாலிபன். கோட்டைக்குள் ஒரு கிணறு இருந்தது. சாகக் கிடக்கிற அரசனை எழுப்ப அந்தக் கிணற்றுத் தண்ணீர் வேண்டும். இவ்வளவும் பார்த்தே விளங்கியது. அவர்கள் கதைத்ததுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை. சிலர் எழுந்து பாயை உதறத் தொடங்கிவிட்டார்கள். என் முதல்நன்மைப் படம் பாழாய்ப் போகிறதே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் ஆசைமாமா எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

அம்மாவின் கடைசித் தம்பியைத்தான் ஆசைமாமா என்று கூப்பிடுவோம். தாய் தகப்பன் இல்லாதவர், எங்களோடுதான் இருந்தார். வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது அவருடைய தொழில்.

"ஒருதரும் எழும்பாதேங்கோ. நான் விளங்கப்படுத்திறன்" என்றார்.

"இவன் எப்ப இங்கிலிஸ் படிச்சவன்?" என்று அம்மா அப்பாவைக் கேட்டார். எஞ்சின் பெட்டிகளில் எழுதியிருப்பதை மாமா எழுத்துக்கூட்டி வாசிப்பார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

பூதம் நீண்ட நேரம் உறுமி உறுமிக் கதைத்தது. "பசிக்குதாம்" என்றார் மாமா. வாலிபன் யன்னலைப் பார்த்து இரண்டே இரண்டு சொல் சொன்னான். மாமா தொண்டையைச் செருமினார். "மூண்டு வருசமாய் உம்மடை வாசலாலை ஒரு அலுவலும் இல்லாமல் சைக்கிளிலை போய்வாறன், ஒருநாளாவது நிமிர்ந்து பாத்தீரோ எண்டு கேக்கிறான்."

"சைக்கிளிலையோ?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஓடத்திலை, ஓடத்திலை."

எழுந்த சனம் திரும்பக் குந்திவிட்டது. படத்தைவிட மாமா சுவையாக இருந்தார்.

கதவடியில் தன் தாயோடு இருந்தவர் ரீச்சரக்கா. கோயில் மண்டபத்தில் எங்களுக்கு இங்கிலிஸ் படிப்பிக்கிறவர். அந்தக் கூட்டத்தில் அந்த மொழி தெரிந்த ஒரே ஆள். மாமா வாய் திறக்கும் போதெல்லாம் அவர் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பாவம், தடிமன் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். கடைசிப் பக்கமாக இளவரசி யன்னலால் குனிந்து வாலிபனிடம் ஏதோ சொன்னாள். அவன் உடனே ஓடத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அந்த நேரம் பார்த்து ரீச்சரக்கா தலைப்பை எடுத்துவிட்டு மாமாவை நேருக்கு நேர் பார்த்தார்.

"என்னவாம், என்னவாம்?" என்றது சனம்.

"அது... அந்த இடம் வடிவாய் விளங்கேல்லை" என்றார்.

அடுத்த நாள் தொடங்கி நானும் அண்ணையும் தடியோடு பூதச் சண்டை போட்டோம். அண்ணையின் பூவரசந்தடி என் நெற்றியைப் பதம் பார்த்த அன்று அம்மா தடிகளை எல்லாம் அடுப்புக்குள் வைத்துவிட்டு, "சண்டை பிடிக்கிறதெண்டால் இருந்த இடத்திலை இருந்து வாயாலை பிடியுங்கோ" என்று கத்தினார். அம்மா கோபத்தில் சொன்னதை மாமா யோசனையாக எடுத்துக்கொண்டார். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கடல், காடு, குகை, கோட்டை எல்லாவற்றையும் கீறினார். எனக்குக் காயாக ஒரு மருந்துப் போத்தல் மூடி, அண்ணைக்கு ஒரு சட்டைப் பொத்தான், எறிவதற்குக் கடற்கரையில் பொறுக்கிய ஆறு சோகிகள், அதாவது சோழிகள்.

தாயம்போலக் கட்டத்தை எண்ணிக்கொண்டு போகிற விளையாட்டில்லை அது. "நீ இப்ப குகை வாசலிலை நிக்கிறாய். உள்ளுக்கை என்னவோ மூச்சு விடுது. என்ன செய்யப்போறாய்?" என்று மாமா கேட்பார். என்ன செய்வது என்று நாங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுச் சோகியை எறிய வேண்டும். நாலுக்குக் குறையாமல் நிமிர்ந்து விழுந்தால் நினைத்தது நடக்கும். விழாவிட்டால் மாமாவின் வாயில் என்ன நாசம் வருகிறதோ அது நடக்கும். கிணற்றுத் தண்ணீரை முதலில் எடுப்பவருக்கு வெற்றி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: படத்தில் சொன்னது சொன்னதுதான், அதை மாமாவாலும் மாற்ற முடியாது.

இப்போது ரொறொன்ரோவில் என் மகன் சனிக்கிழமைகளில் சிநேகிதர்களோடு மேசையைச் சுற்றி இருந்து இதையேதான் விளையாடுகிறான். இருபது முகமுள்ள பகடை, தலையணை மொத்தத்தில் விதிப் புத்தகம். ஒரு மாயாஜாலப் படம் பார்த்துவிட்டு வந்தால் அதில் கண்ட காடும் பூதமும் அடுத்த சனிக்கிழமை மேசைக்கு வந்துவிடும். இது அமெரிக்கர் கண்டுபிடித்த விளையாட்டு என்கிறான். குருநகரில் கலண்டர் தாளில் விளையாடினோம் என்றால் நம்பவா போகிறான்? பேசாமல் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறேன்.

என்னை இளவரசியாக இருக்கச் சொன்னார்கள். யன்னலில் நின்றுகொண்டே இருப்பதற்கு எனக்கென்ன விசரா? நான் ஓடக்காரியானேன். அண்ணை வேட்டைக்காரர். அவர் காட்டிலே அகப்பட்ட வயதுபோனவர்களை எல்லாம் காப்பாற்றித் தன்னோடு கூட்டிக்கொண்டு திரிந்தார். ஒரு கிழட்டு மந்திரி, ஒரு மருத்துவிச்சி. பாரம் ஏற்றினால் ஓடம் மெதுவாகும் என்று நான் ஒருவரையும் ஏற்றவில்லை.

சண்டை காரணமாக வள்ளங்கள் கடலுக்குப் போகத் தடை இருந்த கிழமைகள் அவை. திருத்துவதற்கு எஞ்சின் வராததால் ஆட்டம் ஒவ்வொரு நாளும் நடந்தது. மூன்றாம் கிழமை, அண்ணை இன்னும் காட்டில் நிற்க, என் ஓடம் கோட்டைச் சுவரை முட்டியது. யன்னலுக்குக் கயிறு எறிந்து ஏறப்போகிறேன் என்று சொல்லிச் சோகியை எறிந்தேன். ஆறும் நிமிர்ந்து விழுந்தன. நான் துள்ளிய துள்ளலில் வீடு அதிர்ந்தது.

"ஏறேலாது. படத்திலை அவள் என்னவோ சொல்லத்தானே அவன் திரும்பிப் போனவன்? அது என்ன எண்டு தெரியாமல் நீ ஏறேலாது" என்றார் அண்ணை.

இருவரும் மாமாவைப் பார்த்தோம். ஒரு சொல்லில் தீர்த்திருக்கலாம். அவரோ சோகிகளைக் கையில் அள்ளி எடுத்து உருட்டினார். பிறகு, "ரீச்சரக்காவிட்டைப் போய்க் கேட்டுக்கொண்டு வா. நான்தான் கேக்கச் சொன்னனான் எண்டு சொல்லு" என்றார். அவர் ஏன் தானே போய்க் கேட்கவில்லை என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு என் கயிறுதான் பெரிது.

ரீச்சரக்கா வீட்டு முன்விறாந்தையில் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தார். வழக்கை முழுவதும் எடுத்துச் சொல்லி, "யன்னலாலை ஏறலாமோ, ஏறேலாதோ?" என்று கேட்டேன்.

"ஆர் கேக்கச் சொன்னது?"

"ஆசைமாமா."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்தார். குரலைத் தணித்து, "யன்னலாலை வரக்கூடாது எண்டு சொன்னவ, பிள்ளை. முன்வாசலாலை வரட்டாம். தனிய இல்லை, பெரிய ஆக்களைக் கூட்டிக்கொண்டு. கெதியாய் வரட்டாம். கொழும்புப் பக்கத்திலை இருந்து வேறை ஒரு இளவரசனை அவவுக்கு வீட்டுக்காரர் பேசினமாம்" என்றார்.

"படத்திலை அப்பிடி ஒருதரும் வரேல்லையே?"

"ஓம், அவவும் ஆளைக் கண்டதில்லை."

"கொஞ்ச நேரம்தானே வாய் அசைஞ்சது. இவ்வளவும் சொன்னவவோ?"

"இங்கிலிஸிலை சுருக்கமாய்ச் சொல்லலாம்" என்றார் ரீச்சரக்கா.

திரும்பி வருகிற வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய ஆட்கள் என்று என் ஓடத்தில் ஒரு குஞ்சுகுருமன்கூட இல்லை. அண்ணையிடம் இரண்டு பேர் இருந்தார்கள். 'ஏறலாமாம்' என்று ஒரு சொல் சொன்னால் வெற்றி எனக்கு. யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? மாமா அந்த வீட்டு வாசலில் மணியைக்கூட அடிக்காமல் சைக்கிளில் போகிறவர். ஆனால் பொய் சொன்னால் அதைக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது சுவாமியாரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் சுவாமியாருக்குக் காது மந்தம். உரத்துச் சொல்லவேண்டி வரும், வரிசையில் நிற்கிற அண்ணைக்கும் கேட்கும். நான் உண்மை பேசியது பக்தியால் அல்ல, அந்த மந்தக் காதால்தான்.

சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். மாமா என் தோள்களைப் பிடித்தார். "திருப்பிச் சொல்லு. பெரிய ஆக்கள் எண்டோ சொன்னவ? கெதியாய் எண்டோ?" மூன்று தரம் சொல்ல வைத்தார். பிறகு எழுந்த வேகத்தில் கலண்டர் தாளை மிதித்துக்கொண்டு குசினிக்குள் அம்மாவிடம் ஓடினார். சோகிகள் அலுமாரிக்குக் கீழே உருண்டன. என் தோல்வியைப் பார்த்து ஒரு வளர்ந்த மனிதன் இப்படிச் சந்தோசப்படுவான் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அண்ணை அவசரமில்லாமல் ஆறுதலாகச் சோகிகளைப் பொறுக்கி எறிந்து, மந்திரியோடும் மருத்துவிச்சியோடும் முன்வாசலால் போய்த் தண்ணீர் அள்ளினார்.

அந்த ஞாயிறு அம்மாவும் அப்பாவும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு ரீச்சரக்கா வீட்டுக்குப் போனார்கள். மாமாவும் பின்னால் போனார். தவக்காலம் தொடங்குமுன் கோயிலில் கலியாணம் நடந்தது.

கலியாண வீட்டில், வெள்ளைச் சேலையோடு இருந்த ரீச்சரக்காவின் பக்கத்தில் போய் இருந்தேன். என் மனம் இன்னும் ஆறவில்லை. "உண்மையாய்ச் சொல்லுங்கோ. இளவரசி அப்பிடியே சொன்னவ?" என்று கேட்டேன்.

அவர் என் காதுக்குள் குனிந்தார். "காத்து அடிக்குது, யன்னலைப் பூட்டப்போறன் எண்டு சொன்னவ."

எனக்குத் தலை சுற்றியது. அப்படியென்றால் கோட்டைக்குள் ஏற ஒரு தடையுமே இருக்கவில்லை! ஆறு சோகி நிமிர்ந்தது செல்லும், அண்ணையின் வெற்றி செல்லாது. ஆண்களின் பக்கம் ஓடினேன். கோட்டும் கழுத்துப் பட்டியுமாய் வியர்த்துக்கொண்டு நின்ற மாமாவின் கையைப் பிடித்து இழுத்து, "மாமா, ரீச்சரக்கா எங்களை ஏமாத்திப்போட்டா! அவ அப்பிடிச் சொல்லவேயில்லை! திரும்பவும் விளையாடோணும்!" என்று சபையில் கத்தினேன்.

மாமா அங்கிருந்தபடியே ரீச்சரக்காவைப் பார்த்தார். ரீச்சரக்கா இந்தமுறை முகத்தைப் பொத்தவில்லை. இருவரும் கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார்கள். என் நியாயத்தைக் கேட்க அந்த வீட்டில் ஒருவருமில்லை. கேக் வெட்டித் தந்தபோது, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலையில் போய் இருந்தேன். ஒழுங்கையில் வரும்போது அந்த ஒரு பொய்யை நான் சொல்லியிருந்தால் அன்றைக்கு வெட்டுவதற்குக் கேக்கே இருந்திருக்காது என்பது எனக்கு எங்கே தெரியும்?