மிஷினுக்கு வைத்த பொட்டும் ஓர் இங்கிலீஷ் வார்த்தையும்

நான் இப்போது வாழும் இங்கிலாந்து ஊரின் சூப்பர் மார்க்கெட்டில், துணிக்கறை போக்குவதற்கென்றே தனியாக ஓர் அலமாரி இருக்கிறது. சோப்புத்தூள் அலமாரி வேறு, இது வேறு. ஒவ்வொரு புட்டியின் முதுகிலும் அது எந்தெந்தக் கறையை எடுக்கும் என்று சின்னச் சின்னப் படங்கள் போட்டிருக்கும். ஒயின், மை, புல், மண். புல்லும் மண்ணும் ஒரு கறையா என்று முதல் தடவை பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. ஒரு புட்டியைத் திருப்பினால், ரத்தத்துளிக்கும் நாய்ப் படத்துக்கும் நடுவில் ஆவி பறக்கும் மஞ்சள் கிண்ணம் ஒன்று, கீழே 'கறி' என்று எழுத்து. நாங்கள் தினமும் தின்கிற குழம்பைக் கொண்டுபோய் நாய் மூத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்குச் சுருக்கென்றது. என் மனைவி கலாவோ, "நல்லதுதான? உன் சட்டையில மஞ்சக்கற போவவே மாட்டேங்குது, ரெண்டு எடு" என்றாள். எடுத்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் படம் சுவர்ப்பக்கம் போகும்படி திருப்பி வைத்தேன். அவள் துவைக்கும்போதெல்லாம் அது மறுபடி என்னைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும்.

கலா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். நெமிலிச்சேரியில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்கும் கூட்டத்தில் நானும் ஒருவனாக, தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் மிஷின் ஆபரேட்டராக இருந்தேன். இங்கேயும் அதே வேலைதான் கிடைத்தது. தண்ணீர்க் குழாய்களுக்கான இணைப்புகள் கடையும் ஒரு தொழிற்சாலை. கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் வாசனை உலகம் முழுக்க ஒரே வாசனை என்பதால் முதல் நாளே எனக்கு அந்த இடம் அந்நியமாக இல்லை. என் மிஷினின் கதவில் எனக்கு முன்னால் இருந்த ஆள் ஒட்டிய ஃபுட்பால் அணி ஸ்டிக்கர் பாதி கிழிந்து தொங்கியது. மிஷினின் தலைமேல் டீக் கோப்பை வைத்து வைத்து வட்டம் வட்டமாகப் பழுப்பு ஏறியிருந்தது. அதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அம்பத்தூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மிஷினை நிறுத்தி, பனியன் வேஸ்ட் துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்து, சந்தனம் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமம் வைப்போம். ஸ்பேனருக்குப் பொட்டு, அளவெடுக்கும் வெர்னியருக்குப் பொட்டு, டீ வாங்கிவரும் சைக்கிளுக்கும் பொட்டு. வாசலில் பூசணிக்காய் உடைப்போம். பொரி பொட்டலத்தோடு வீட்டுக்குப் போவோம். இதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, காலையில் பல் துலக்க அனுமதி கேட்கிறோமா? அந்தப் பழக்கத்திலேயே நான் இங்கேயும் செய்துவிட்டேன். ஷிஃப்ட் முடிந்ததும் மிஷினை நன்றாகத் துடைத்தேன். வீட்டிலிருந்து காகிதத்தில் மடித்துக் கொண்டுபோன சந்தனமும் குங்குமமும் எடுத்து, கதவில் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பொட்டு வைத்தேன். கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை என் மிஷினைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தது. எங்கள் சூப்பர்வைசர் டெப்பி முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தாள். எல்லோரையும் 'லவ்' என்று கூப்பிடும் நல்ல பொம்பளை. என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எங்கே வெட்டிக்கொண்டாய்?" என்றாள். அவளுக்கு அது ரத்தம். வெட்டிக்கொள்ளவில்லை, நான்தான் வைத்தேன் என்றேன். "எதற்கு? எங்கள் மேல் ஏதாவது கோபமா?" கோபமில்லை, மரியாதை என்றேன். "யாருக்கு மரியாதை?" மிஷினுக்கு என்றேன். அவள் முகத்தில் இருந்த அக்கறை அப்படியே வடிந்துபோனதை நான் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். என் கையை விட்டாள். பிறகு ஒரு துணியும் ஒரு திரவமும் கொடுத்துத் துடைக்கச் சொன்னாள். இரண்டு ஷிஃப்ட்காரர்களும் சுற்றி நிற்க, நேற்று கும்பிட்ட கையால் நானே அதைத் துடைத்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. டீ வட்டங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். மதியம் நிர்வாக அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். இளவயதுப் பெண் அதிகாரி ஒருத்தி, கண்ணியமாகத்தான் பேசினாள், தண்ணீர்கூடக் கொடுத்தாள். தயாராக அச்சடித்த ஒரு பக்கத்தை என் முன்னால் தள்ளினாள். கம்பெனியின் இயந்திரத்தை நான் அசுத்தப்படுத்தினேன், அதற்கு வருந்துகிறேன் என்று அதில் இருந்தது. அவர்கள் போட்டிருந்த சொல் 'சாயில்ட்'. கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு முடிந்துவிடும், போடாவிட்டால் விசாரணை, வேலையே போகலாம் என்றாள். நான் என் உடைந்த இங்கிலீஷில் சொன்னேன்: ஓர் அடையாளம் வைத்தேன் என்று எழுதுங்கள், கேட்காமல் வைத்தேன் என்று எழுதுங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். அசுத்தப்படுத்தினேன் என்று எழுதாதீர்கள். அவள் சிரித்துக்கொண்டே, "இது வெறும் வார்த்தைதானே" என்றாள். வெறும் வார்த்தை என்றால் மாற்றிவிடுங்களேன் என்றேன். அவள் சிரிப்பு நின்றது. ஃபுட்பால் ஸ்டிக்கரைக் காட்டினேன், போன டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு டெப்பி அதே மிஷினுக்குச் சுற்றிய ஜிகினா மாலையைச் சொன்னேன். அதெல்லாம் அலங்காரம், இது ஏதோ ஒரு 'சப்ஸ்டன்ஸ்' என்றாள். குங்குமத்துக்கு அன்று அந்தப் பெயரும் கிடைத்தது. யோசித்துச் சொல்ல வார இறுதி வரை நேரம் கொடுத்தாள்.

பஸ்ஸில் வரும்போது போனில் அகராதியைத் திறந்து அந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்தேன். அது தன் சொந்தக்காரர்களையெல்லாம் வரிசையாகக் கூட்டி வந்தது. ஸ்டெயின், ஸ்மியர், டெய்ன்ட், டார்னிஷ், ஸல்லி. துணியில் தொடங்கி, பாத்திரத்தில் ஏறி, நாலைந்து வரி தாண்டுவதற்குள் அவமானம், இழிவு, நடத்தைக் கேடு என்று மனுஷனின் மானத்தில் வந்து நின்றுவிட்டது. உங்கள் மேல் ஒரு கரண்டிக் குழம்பு சிந்துவதற்கும் உங்கள் பெயர் கெடுவதற்கும் நடுவில் அந்த மொழியில் ஒரு வேலிகூடக் கிடையாது. உடனே, நம் மொழி மட்டும் என்ன வாழ்ந்தது என்றும் தோன்றியது. களங்கம், மாசு, கறைபடிந்த கை, முகத்தில் கரி பூசுவது. இவர்களாவது துணியில் ஆரம்பித்து மனுஷனிடம் வருகிறார்கள். நம் ஊரில் 'தீட்டு' என்ற சொல் நேராக மனுஷனிடமே ஆரம்பிக்கிறது, அதை எடுக்க எந்தக் கடையிலும் புட்டி விற்பதில்லை.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய பெற்றோர் திருநின்றவூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். அங்கே கோயிலில் எங்கள் ஆட்களுக்குக் குங்குமம் வேண்டுமென்றால், கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்று கையை ஏந்த வேண்டும். மேலேயிருந்து போடுவார்கள், விரல் படாமல். பாதி கையில் விழும், பாதி மண்ணில் விழும். நைனா அந்த வயலை விட்டு அம்பத்தூருக்கு வந்து ஒரு லேத் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். முதல் ஆயுத பூஜைக்கு முதலாளி அவசரத்தில் இருந்தார், இன்னொரு பட்டறையிலும் அவருக்குப் பூஜை. குங்குமத் தட்டை அருகில் நின்ற நைனாவின் கையில் திணித்து, "எல்லா மிஷினுக்கும் நீயே வெச்சிடுப்பா, எனக்கு டைம் இல்ல" என்று சொல்லிவிட்டார். அதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை, சம்பளம் கொடுப்பதில் அந்த ஆள் கஞ்சப் பிசினாறி. ஆனால் நைனா ஒவ்வொரு மிஷினாகப் போய்ப் பொட்டு வைத்தார், யாரும் தடுக்கவில்லை. "நான் வெச்ச பொட்டத் தொட்டு மொதலாளி கண்ணுல ஒத்திக்கினாருடா" என்று ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் ஏறும்.

போன லீவில் ஊருக்குப் போனபோது திருநின்றவூரில் மனை பார்க்க நைனாவையும் அழைத்துப் போனேன். விற்கிறவர் அந்த ஊரின் பழைய நிலக்காரக் குடும்பத்து ஆள், இப்போது ரியல் எஸ்டேட். மோர் கொடுத்து நன்றாகத்தான் பேசினார். பிறகு மெதுவாக, "பெரியவரே, உங்களுக்கு இங்க எந்தப் பக்கம்? ஊர்லயா, இல்ல..." என்று இழுத்து, மீதியைச் சொல்லாமலே எங்கள் முகத்தைப் பார்த்தார். நைனா மோரைக் கீழே வைத்துவிட்டு, "அம்பத்தூர் எஸ்டேட்டு" என்றார். அந்த மனையை நாங்கள் வாங்கவில்லை. ஆகவே, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் ஒருவன்தான் நம்மை அழுக்கு என்கிறான் என்று இங்கே தமிழ்ச் சங்க விழாக்களில் கொதிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு அதைவிட ஆத்திரம் வருகிறது. அதே வாய், பந்தி முடிந்ததும் மெல்ல என்னிடம், உங்களுக்குச் சொந்த ஊர் எது என்று கேட்கும். எந்த அர்த்தத்தில் கேட்கிறது என்று எனக்குத் தெரியாதா?

கலா கையெழுத்துப் போடச் சொன்னாள். "ஒரு வார்த்தைக்கோசரம் வேலய உட்டுருவியா? அவன் இன்னா எழுதிக்கினா நமக்கு இன்னா? நாளைக்கு வேற கம்பெனிக்காரன் கேட்டா இன்னா சொல்லுவ?" அவள் கேட்டதில் தப்பே இல்லை. இந்த ஊரில் ஒரு கம்பெனி துரத்தினால் அடுத்த கம்பெனி முதலில் அதைத்தான் விசாரிக்கும். வீட்டு வாடகை அவள் ஒருத்தி தலையில் விழும். கலாவின் தம்பி முருகன் இப்போதும் அம்பத்தூரில் அதே எஸ்டேட்டில்தான் இருக்கிறான். செய்தி தெரிந்ததும் கூப்பிட்டான்.

"இன்னா மாமே, பொட்டு வெச்சதுக்கா கேசு? இங்க பொட்டு வெக்கலன்னாதான்யா கேசு!"

"சிரிக்காத மச்சான். அழுக்கு பண்ணேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றானுங்க."

அவன் பின்னால் மிஷின்கள் ஓடுவது கேட்டது.

"உங்க நைனாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல."

"சொல்லாத. தாங்க மாட்டாரு அந்த மனுசன்" என்றான். "நீ போட்டாலும் நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன் மாமே. ஆனா போடாத."

போடவில்லை. வேறொரு வெள்ளைத் தாளில் என் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். என் மிஷினுக்கு நான் மரியாதை செய்தேன், கேட்காமல் செய்தது தவறு, அசுத்தம் செய்யவில்லை. அந்தப் பெண் அதை வாசித்தாள், தலையை ஆட்டினாள், ஃபைலில் செருகினாள். விசாரணை நடந்தது. வேலை போகவில்லை. எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது, அதில் அதே சொல், அவர்கள் கையெழுத்தோடு. என்னை மிஷினிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். ஐ.டி.ஐ. படித்து, அம்பத்தூரில் கையெல்லாம் கறுக்க வேலை கற்றவன், இப்போது வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அட்டைப்பெட்டிக்கு நாடா ஒட்டுகிறேன். என் கை இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை. கலா நான்கைந்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் சமையலறையில் அவள் தன் அம்மாவிடம் போனில் சொல்வது காதில் விழுந்தது: "கடைசி வரிக்கும் கையெழுத்து போடலயே உன் மருமவன்!" திட்டுகிற குரல் இல்லை அது. டிசம்பரில் டெப்பி ஜிகினா மாலையோடு வந்தாள். என் பழைய மிஷினுக்கு மேலே கட்ட ஏணியைப் பிடித்துக்கொள்ள முடியுமா லவ் என்றாள். பிடித்துக்கொண்டேன். கோபம் வேறு, ஆள் விழுந்துவிடக் கூடாது என்பது வேறு.

இந்த வருஷ ஆயுத பூஜை அன்று, என் டீ இடைவேளையில் முருகன் வீடியோவில் கூப்பிட்டான். அங்கே சாயங்காலம். பட்டறை முழுக்க வாழைக்கன்றும் மாவிலையும். நைனாவும் வந்திருந்தார், புதுச்சட்டை, கையில் குங்குமத் தட்டு. எதையும் யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. "உன் மிஷினுக்கு வெச்சிட்டியாடா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் முருகன், "அவுரு மொதல்லயே வெச்சிட்டாரு மாமா, நீ எங்க மிஷினுக்கு வை" என்று முந்திக்கொண்டான். நைனா ஒவ்வொரு மிஷினாக வைத்துக்கொண்டே வந்தார். எல்லாம் முடிந்ததும், போனும் ஓர் ஆயுதம்தானே என்று சொல்லிச் சிரித்து, முருகன் கையிலிருந்த போனைப் பார்த்துக் கட்டைவிரலை நீட்டினார். விரல் பெரிதாகி என் திரை முழுக்க வந்தது. "கரெக்டா நெத்தியிலதான் வெச்சிக்கீறாரு மாமே!" என்று முருகன் கத்தினான். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் பேக்கிங் மேஜை ஓரத்தில் நின்றபடி, கையுறையைக் கழற்றிவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.