டங்டுட் ஆடிய என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரருக்கு ஆடத் தெரியாது. எங்கள் கல்யாணத்தில் மேளக்காரர்கள் அந்த அடி அடித்தும், கூட்டாளிகள் சட்டையைப் பிடித்து இழுத்தும், மனிதர் நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றார். அப்படிப்பட்டவர் ஊர் உலகமெல்லாம் பார்க்கிற மாதிரி ஒரு பாட்டுக்கு ஆடினார். அதை நான் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, சரியாக நினைவில்லை. இந்தோனேசியப் பாட்டு அது. இன்றைக்கும் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் பாத்திரம் கழுவும்போது மெட்டு மட்டும் தானாக வாயில் வந்துவிடும்.

நாங்கள் இரண்டு பேருமே பீங்கான் வேலைக்காரர்கள். அவர் சூளையில் நெருப்பைப் பார்த்துக்கொள்வார். வெந்து வெளியே வந்த பொம்மைகளைப் பிரித்து அடுக்குவது என் வேலை. பொம்மையை எடுத்ததும் ஊரில் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள், நான் கையைப் பார்ப்பேன். உடைவது அங்கேதான். அதிலும் குழல் ஊதுகிற கிருஷ்ணருக்கு விரல் தங்குவதற்குள் நமக்கு உயிர் போய்விடும். விரல் நன்றாக இருந்தால் வைக்கோல் போட்ட பெட்டிக்குள் போய், கடைக்குப் போகும். விரல் போயிருந்தால் ஓரத்தில் இருக்கிற கூடையில் போட்டுவிடுவேன்.

அந்தக் கூடையில் கிடப்பதை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், முதலாளி ஒன்றும் சொல்லமாட்டார். அதனால் எங்கள் ஆட்கள் யார் வீட்டுக்குப் போனாலும் டிவி மேல் விரல் இல்லாத கிருஷ்ணர், காது போன முயல், மூக்கு போன யானை என்று ஒரு கூட்டம் நிற்கும். எங்கள் வீட்டில் அலமாரி முழுக்க அதுதான். தூசி துடைத்து, விளக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பூவும் வைப்போம்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை, அவர் மலேசியாவுக்குப் போய்விட்டார். மேஜை நாற்காலி செய்கிற ஃபேக்டரி. மூன்று வருஷம் என்று பேச்சு. தங்குமிடத்தில் கூட இருந்தவர்கள் எல்லோரும் இந்தோனேசியாக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார்டு போட்டு என் செல்லுக்குப் பேசுவார். பக்கத்தில் மாமியார் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது புதுப் பெண்டாட்டி என்னத்தைப் பேசுவது? அதனால் சீரியல் பேசினோம். சிரிக்காதீர்கள், எங்கள் குடும்பம் அப்படித்தான் நடந்தது.

அவர்கள் ஊர் சீரியலுக்கு சினெட்ரான் என்று பெயராம். தினமும் ராத்திரி அந்த அறையில் அதுதான் ஓடும். பணக்காரப் பையன், ஏழைப் பெண், கண்ணை உருட்டுகிற மாமியார், கார் மோதி நினைவு தப்புவது. "நம்ம கதைதான், புடவை மட்டும் இல்ல" என்பார். இன்னொரு வகை இருந்தது. கெட்டது செய்தவன் செத்துப் போவான், பிணத்தைக் குழி ஏற்றுக்கொள்ளாது, தோண்டத் தோண்டத் தண்ணீர் வரும். என் மாமியாருக்கு அதென்றால் உயிர். ஃபோனைப் பிடுங்கி, "டேய், சாப்ட்டியா? சரி, பொணக் கதைய சொல்லு" என்பார்.

பேச்சுக்கு நடுவில் பின்னால் மேளமும் குழலும் கேட்கும்.

"என்னாங்க அது, கரகாட்டமா?"

"டங்டுட்னு இவங்க ஊரு பாட்டு. மேளம் டங்குன்னு அடிச்சி டுட்டுன்னு முடியும், அதான் பேரு. ஒரு பொண்ணு இடுப்ப சுத்தி சுத்தி ஆடி நாட்டுல பெரிய சண்டையே நடந்துதாம். மத்தவங்க ஆடுறது வேற. ரெண்டு கட்டைவெரலயும் தூக்கிக்கிட்டு, தோள அசைச்சி, சும்மா அப்படியே போவாங்க. கட்டைவெரல தூக்கலன்னா அது டங்டுட்டே இல்லன்னுவாங்க."

"நீங்க ஆடுவீங்களா?"

"நானா? போடி."

மூன்று வருஷம் முடிந்தது. தீபாவளிக்கு வருகிறேன் என்றார், வரவில்லை. பொங்கலுக்கு என்றார், வரவில்லை. மெஷினிலிருந்து பேக்கிங் பக்கம் மாற்றிவிட்டார்கள், வேலை சுலபம், இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். ஒரு போட்டோ வந்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கலெக்டர் மாதிரி நின்றார். "தெனாவட்ட பாரு" என்று மாமியார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டறையில் கூட வேலை செய்கிற பெண்கள் வாய் சும்மா இருக்குமா? "எவளாச்சும் இந்தோனேசியாக்காரி ஒன் ஊட்டுக்காரர முந்தானையில முடிஞ்சி வெச்சிக்கிட்டா போலருக்குது" என்றாள் ஒருத்தி. "அவங்க ஊர்ல முந்தானையே கெடையாதுடி" என்று அவள் வாயை அடைத்தேன். வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். வருவாரா, மாட்டாரா? அது ஒன்றுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. அதைக் கேட்டால் உடனே சினெட்ரானுக்குத் தாவிவிடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை குரலெல்லாம் சிரிப்பாகப் பேசினார். அறைக்கூட்டாளிகள் ஊரில் இப்போது புதுப் பைத்தியம் ஒன்று வந்திருக்கிறதாம். பாட்டைப் போட்டுவிட்டு, தாங்களே பாடுகிற மாதிரி வாயசைத்து, வீடியோ எடுத்து இன்டர்நெட்டில் போட்டுவிடுவார்களாம். ஜகார்த்தாவில் காலேஜ் பிள்ளைகள், ஹாஸ்டல் பெண்கள், எல்லோரும் அதே வேலை. அறைக்கூட்டாளிகள் இவரையும் நிற்க வைத்து எடுத்துவிட்டார்களாம். "போய் பாரு, செம காமெடி" என்று சொல்லி, வீடியோ பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

மறுநாளே கிளம்பினோம். மாமியார் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தார். எனக்கும் வைத்துவிட்டார். "கம்ப்யூட்டர்ல புள்ள நம்மள பாப்பான்ல? அழுக்குப் புடவையோடவா நிக்கிறது?" என்றார். எனக்கும் அதில் பாதி நம்பிக்கை இருந்ததால் சும்மா இருந்தேன். பவுடர்கூடப் போட்டிருந்தேன்.

பிரவுசிங் சென்டர்க்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "அக்கா, இது வெறும் வீடியோ. நீங்க அவர பாக்கலாம், அவரு உங்கள பாக்க முடியாது" என்றார்.

"நீ போடு சாமி, அதெல்லாம் பாப்பான்" என்றார் மாமியார்.

ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் ஓடும், நிற்கும், மறுபடி சுற்றும். ஒரு பூப்போட்ட திரைக்கு முன்னால் மூன்று பேர். ஒருவர் சோற்றுக் கரண்டியை மைக்காகப் பிடித்திருந்தார். ஓரத்தில் என் வீட்டுக்காரர், இளைத்துப் போய், அதே மீசையோடு. பாட்டு ஒரு பெண்ணின் குரல். அந்தக் குரல் இவர் மீசைக்குக் கீழேயிருந்து கொஞ்சிக் கொஞ்சி வந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரிப்பிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று, அந்தத் தோளையும் நடையையும் பார்த்து!

"எளச்சிட்டியேடா! ஆடு ஆடு" என்று மாமியார் திரையைப் பார்த்துக் கையாட்டினார்.

மற்ற இரண்டு பேரும் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக்கொண்டு தோளை அசைத்தார்கள். இவர் இடது கட்டைவிரலை மட்டும் தூக்கினார். வலது கையில் ஒரு துண்டைச் சுற்றிப் போட்டிருந்தார், பெரிய ஸ்டைல் மாதிரி. என் கண் அந்தத் துண்டை விட்டு நகரவில்லை. பழக்கம் அப்படி, நான் என்ன செய்ய. பாட்டு முடிகிற நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் விளையாட்டாக அந்தக் கையைப் பிடித்து மேலே தூக்கினார். துண்டு நழுவியது. இவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, மறுபடி போடுங்க. அந்த எடத்துல நிறுத்துங்க."

நிறுத்தினார். படம் கலங்கலாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கையில் எத்தனை விரல் இருக்கவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டாம். கட்டைவிரல் இல்லை.

பிள்ளை ஆடிய சந்தோஷத்தில் இருந்த மாமியாரிடம் எதைச் சொல்வது? வீடு திரும்ப மங்கலம்பேட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பாதி வழியில் மாமியார் தலையில் இருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீயும் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் அத்தை."

"ரம்பத்துல போயிருக்கும். என்னாத்துக்குடி நம்மகிட்ட மறைக்கிறான்?"

என் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்வரை விடவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குக் கோபம். வலிக்கும்போது கூட இருக்க முடியவில்லையே என்ற வேதனை ஒரு பக்கம், இந்த மனுஷன் என்னை என்னவென்று நினைத்துவிட்டார் என்ற ஆத்திரம் இன்னொரு பக்கம். பட்டறையில் பொம்மைக்குப் பொம்மை கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தது. மாமியார் இந்த முறை பக்கத்தில் உட்காரவில்லை. வாசலுக்குப் போய்விட்டார்.

"பாத்தியா? எப்படி இருந்துது?" என்று சிரித்தார்.

"நல்லாதான் இருந்துது. அடுத்த வாட்டி ரெண்டு கையயும் தூக்கி ஆடுங்க."

அவர் சிரிப்பு சட்டென்று நின்றது. பின்னால் டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தாள், சினெட்ரானாக இருக்கும்.

"எப்பங்க ஆச்சி?"

"போன வருசம். மெஷின்ல."

"அதுக்குத்தான் வராம இருக்கீங்களா?"

"நீ ஒரு வெரல் போனாலே எடுத்து ஓரமா போட்டுருவியே" என்றார். விளையாட்டுப் போலச் சொல்ல வந்தார், குரல் உடைந்துவிட்டது. "நானே எவ்வளவு வாட்டி பாத்துருக்கேன். திரும்பிக்கூட பாக்க மாட்ட."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! அழுகையும் கூடவே வந்தது. "யோவ்" என்றேன். கல்யாணமானதிலிருந்து அன்றைக்குத்தான் அவரை அப்படிக் கூப்பிட்டேன். "நம்ம அலமாரியில இருக்குறதெல்லாம் என்னாய்யா? நல்லதெல்லாம் கடைக்குத்தான் போவுது. வெரல் போனதத்தான நாம வூட்டுக்கு எடுத்துக்கிட்டு வருவோம்? வாய்யா வூட்டுக்கு."

அவர் அழுதார். ஆம்பிள்ளை அழுது அப்படி நான் கேட்டதில்லை. கார்டு தீரும்வரை அழுதார்.

கொஞ்ச நாளில் வந்துவிட்டார். விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் நின்றதும், பெட்டியோடு இறங்கி, வலது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார். என் மாமியார், அத்தனை ஜனங்களுக்கு நடுவில், இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக்கொண்டு தோளை அசைத்து அசைத்து ஒரு டங்டுட் போட்டார். போர்ட்டர்கள்கூட நின்று பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் பெட்டியைக் கீழே வைத்தார், பையிலிருந்து கையை எடுத்தார், இரண்டு கையையும் தூக்கினார்.

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.